மற்றவைக்குள் ஓர் அம்மா

போன வாரம், பல் டாக்டரின் சிகிச்சை நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவருடைய மகள் அழுததைப் பார்த்தோம். வலி பல்லில் இல்லை. அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை அப்பாவிடம் கொட்டிவிட்டு, "அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கப்பா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பாவம், டாக்டர். அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர். தன் வாயை மூடி வைத்திருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அதிலிருந்து மனைவி பக்கத்தில் வந்தாலே செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டுவிடுவார்.

இன்று காலையும் அப்படித்தான்.

"அந்த விளம்பரப் பக்கத்தை எவ்வளவு நேரமா படிக்கிறீங்க? வீடு ஏதாவது வாங்கப் போறோமா?" என்றாள் மனைவி.

"சும்மா, விலைவாசி தெரிஞ்சுக்கலாமேன்னு."

"தெரிஞ்சுக்கிட்ட வரைக்கும் போதும். இன்னைக்குப் பொண்ணு பேசறா. கிளினிக்குக்கு லீவு சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லியாச்சு. ஊர்ல யாருக்கும் இன்னைக்குப் பல் வலிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

அவள் சிரித்துக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியை. இன்று அவளுடைய துறையில் மாநாடு. காலையில் பெரிய அரங்கத்தில் மகள் பேச வேண்டும். மத்தியானம் கடைசி அறையில் அவள் பேச வேண்டும். தன் பேச்சைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் பேச்சைப் பற்றித்தான் விடிந்ததிலிருந்து பேச்சு.

அவர்கள் எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பதை, டாக்டர் தன்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வதுபோல் சொல்லிவிடலாம்.

இலக்கணம் என்றதும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான் நமக்கு ஞாபகம் வரும். இது வேறு. ஒரு வாக்கியம் மனிதர்களின் மண்டைக்குள் எப்படிக் கட்டப்படுகிறது என்று விளக்குகிற கொள்கைகள் சில உண்டு. ஒவ்வொன்றும் ஒரு கட்சி மாதிரி. இருப்பதில் பெரிய கட்சி, வாக்கியத்தைக் கிளை கிளையாகப் பிரித்து மரமாக வரையும். ‘பூனை பாலைக் குடித்தது’ என்பதை ‘பாலைப் பூனை குடித்தது’ என்று மாற்றிச் சொன்னால், பால் தன் கிளையை விட்டு முன்னால் போய்விட்டது, பழைய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடம் இருக்கிறது என்பார்கள்.

பேராசிரியையின் கட்சியில் கிளையும் கிடையாது, தடமும் கிடையாது. ‘குடித்தது’ என்ற வினையிலிருந்து பூனைக்கு ஓர் அம்பு, பாலுக்கு ஓர் அம்பு. பால் முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் அம்பு அதே அம்புதான்.

மரக்கட்சி, அம்புக்கட்சி என்று பெயர் வைத்தது டாக்டர்தான். கல்யாணமான புதிதில் வைத்தது. வீட்டில் இன்றுவரை அந்தப் பெயர்தான்.

மகள் எந்தக் கட்சியும் இல்லை. எந்தக் கட்சிக்கு எவ்வளவு ஆள் இருக்கிறது என்று எண்ணுகிறவள். ஆய்விதழ்களில் வருடக்கணக்காக வந்த கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்து, எது எந்தக் கொள்கையில் எழுதப்பட்டது என்று பிரித்திருந்தாள். அதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு.

"வாலு, சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

சின்ன வயதில் அம்மாவின் பின்னாலேயே வால்போல் சுற்றியதால் வந்த பெயர். மகள் மடிக்கணினிப் பையை மாட்டியபடி வந்து நின்றாள்.

"பசிக்கலைம்மா."

"ரெண்டு வாயாவது சாப்பிடு. வயிறு கத்தினா மைக்ல கேக்கும்."

பேராசிரியை மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "ஆய்வுல என்ன வந்திருக்குன்னு கடைசி வரைக்கும் காட்ட மாட்டேன்னுட்ட. சரியான அழுத்தக்காரி."

"மேடையில பாத்துக்கோம்மா."

அதைச் சொல்லும்போது மகளின் குரல் கொஞ்சம் கம்மியது. மேடைப் பயம் என்று அம்மா நினைத்தாள். அப்பா விளம்பரப் பக்கத்தை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

*

அரங்கம் நிறைந்திருந்தது. மகள் நன்றாகத்தான் பேசினாள். தடுமாறவில்லை, அவசரப்படவில்லை. இதழ்களை எப்படித் தேர்ந்தெடுத்தாள், எப்படிப் பிரித்தாள் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். நடுவரிசையில் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, பாட்டுக் கேட்பவள்போல் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் திரையில் அந்தப் படம் வந்தது.

இடது ஓரத்தில் மரக்கட்சியின் பட்டை, கூரையைத் தொடுவதுபோல் நின்றது. அடுத்தடுத்து அதைவிடக் குட்டையாக வேறு கட்சிகள். பேராசிரியை இடமிருந்து வலமாக ஒவ்வொரு பட்டையின் பெயராகப் படித்துக்கொண்டே போனாள். தேர்வு முடிவு ஒட்டிய பலகையில் தன் எண்ணைத் தேடுகிறவளைப்போல் உதடு அசைந்தது.

கடைசியில் ஒரு மெல்லிய கோடு. கீழே ‘மற்றவை’ என்று எழுதியிருந்தது.

"நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்த கொள்கைகளை எல்லாம் இதில் சேர்த்திருக்கிறேன்" என்றாள் மகள், திரையைப் பார்த்தபடியே.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள். கோடு அதே இடத்தில்தான் இருந்தது.

கேள்வி நேரம் வந்தது. முன்வரிசையில் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர், மரக்கட்சியில் பெரிய கை, நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்: "அருமையான வேலை. அந்த ‘மற்றவை’ல இருக்கறவங்களைத் தேடணும்னா பூதக்கண்ணாடி வேணும்போல!"

அரங்கம் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் மேடையில் மகளின் முகம் செத்துவிட்டது. ஏதாவது சொல்ல வாயைத் திறந்தாள்.

நடுவரிசையில் அம்மா எழுந்து நின்றாள்.

"பூதக்கண்ணாடி எதுக்குங்க? ஆளே நேர்ல வந்திருக்கேன்."

இப்போது சிரிப்பு வேறு மாதிரி வந்தது. கேட்டவரே திரும்பிப் பார்த்துக் கைகூப்பிவிட்டார்.

"மேடைக்கு ஒரு கேள்வி" என்றாள் பேராசிரியை. "எந்தக் கொள்கையோட பேரையும் சொல்லாம எழுதின கட்டுரைங்க இருக்குமே. அதை எந்தப் பட்டையில சேத்தீங்க?"

சேத்தீங்க. பிறந்ததிலிருந்து அம்மா வாயில் தன்னைப் பார்த்து ‘நீங்க’ வந்து மகள் கேட்டதில்லை.

"எதுலயும் சேக்கலை" என்றாள். "கொள்கைகளைப் பத்தின ஆய்வுங்கறதால ஒதுக்கிட்டேன். அடிக்குறிப்புல சொல்லியிருக்கேன்."

"எவ்வளவு ஒதுக்கினீங்க?"

"பாதிக்கு மேல."

அரங்கத்தில் ஒரு சலசலப்பு.

"அப்படின்னா, இருக்கறதுலயே உயரமான பட்டை இந்தப் படத்துல இல்லவே இல்லை. சரிதானே?"

மகள் ஒரு நிமிடம் திரையைப் பார்த்தாள். "சரிதான்" என்றாள்.

"நன்றி. ரொம்ப நேர்மையா எண்ணியிருக்கீங்க."

உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் வந்தபோது எல்லோரையும்விட அவள்தான் பலமாகத் தட்டினாள். ஆனால் மகள் மேடையை விட்டு இறங்கி வருவதற்குள் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

*

அம்மாவைத் தேடிக்கொண்டு ஓடிய மகளை, தேநீர் மேசைக்குப் பக்கத்தில் துறைத்தலைவர் பிடித்துக்கொண்டார். மரக்கட்சிக்காரர். ஆனால் நல்ல மனிதர். சின்ன வயதில் இவள் துறைக்கு வந்தால் மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர்.

"பிரமாதம்மா. அந்தப் படம் எனக்கு வேணுமே."

"எதுக்கு சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை பாடத்திட்டக் குழு. விருப்பப் பாடங்களைக் குறைக்கச் சொல்லி மேலேருந்து நெருக்கறாங்க. அம்மா எடுக்கற பாடத்துல ஆள் சேர மாட்டேங்கறாங்க. அந்தப் பாடத்தை நானாத் தூக்கினேன்னு இருக்கக் கூடாது. உன் படம் இருந்தா பேச்சு நீளாது."

மகளின் கையில் இருந்த கோப்பை சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இப்போ எதுக்கு? திங்கக்கிழமை நானே பக்குவமா சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் சொல்லிடாதே." தோளில் தட்டினார். "அப்புறம், உன்னோட தற்காலிக விரிவுரையாளர் வேலையும் அதே கூட்டத்துலதான் வருது. நான் உனக்காகப் பேசறேன், கவலைப்படாதே."

அது அன்பா, மிரட்டலா? அவளுக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்குமா என்பது சந்தேகம். சிரித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குள் போய்விட்டார்.

*

மாடியில் பேராசிரியையின் அறையில் வேறொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"எனக்கா?" என்றார் டாக்டர்.

"படம் வந்ததும் அத்தனை பேரும் திரையைப் பாத்தாங்க. நீங்க மட்டும் என் முகத்தைப் பாத்தீங்க."

டாக்டர் அறையின் ஜன்னலைப் பார்த்தார். புத்தக அலமாரியைப் பார்த்தார். தப்பிக்க வழி எதுவும் தென்படவில்லை.

"சத்தியம் வாங்கிட்டா" என்றார்.

"அதான் பேப்பருக்குள்ள தலையைப் புதைச்சுக்கிட்டு இருந்தீங்களா? நான் என்னமோ கண்ணுல ஏதாவது கோளாறோன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத இடம் என்று தெரிந்து இருமிக்கொண்டார்.

அப்போதுதான் மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"அம்மா..."

"உக்காரு."

"அம்மா, தனிப் பட்டை போட்டா ஏமாத்துற மாதிரி ஆகிடும். நீ இருக்கேங்கறதுக்காக ஒரு கொள்கைக்கு மட்டும்..."

"அதை யாரு கேட்டா? நீ தனிப் பட்டை போட்டிருந்தா நானே எழுந்து தப்புன்னு சொல்லியிருப்பேன்." பேராசிரியையின் குரல் இப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது. "மற்றவையில போட்டதுக்கு எனக்குக் கோவமே இல்லை. எண்ணினா அங்கதான் வரும். அது எனக்குத் தெரியாதா? என்கிட்ட சொல்லப் பயந்த பாரு, அதுதான். உங்க ரெண்டு பேருக்கும் நான் அவ்வளவு பெரிய பூச்சாண்டியா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ கோவிச்சுக்குவேன்னு நான் பயப்படலைம்மா."

"பின்ன?"

"சிரிச்சுட்டு, பரவாயில்லைன்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன். அதை என்னால பாத்துட்டு நிக்க முடியாது."

டாக்டர் மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பேராசிரியை கையை நீட்டி மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

"பரவாயில்லைன்னு சொல்லப் போறதில்லை" என்றாள். "வலிச்சுது. நல்லாவே வலிச்சுது. போதுமா?"

மகள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அழுகை நிற்பதற்குள்ளேயே சொன்னாள்: "இன்னொண்ணு இருக்கும்மா."

"வாலு, முதல்ல மூணு பேரும் ஏதாவது சாப்பிட்டுட்டு..." என்றார் டாக்டர்.

"இல்லைப்பா. இப்பவே சொல்லணும்."

சொல்லிவிட்டாள். பாடத்திட்டக் குழு, படம், தன்னுடைய வேலை, பக்குவமாகச் சொல்கிறேன் என்று துறைத்தலைவர் சொன்னது, எதையும் விடவில்லை.

பேராசிரியை மேசையிலிருந்த பாடக் குறிப்பை எடுத்துப் புரட்டினாள். மகள் பிறப்பதற்கு முன்னாலிருந்து எடுத்துவரும் பாடம். பிரசவ விடுப்பு முடிந்து வந்து முதலில் எடுத்ததும் அதுதான்.

"அவர் சொல்றதும் பொய்யில்லை" என்றாள் மெதுவாக. "போன வருஷம் சேந்தது ஒரே ஒருத்தன். அவனும் அறையைத் தப்பாப் பாத்து உள்ள வந்தவன்."

"அப்புறம்?" என்றார் டாக்டர்.

"கடைசி வரைக்கும் எழுந்து போகலையே!"

மூவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து விக்கல் எடுத்தது. டாக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

*

மத்தியானம் கடைசி அறையில் கூட்டம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. பெரிய கூட்டம் என்று சொல்ல முடியாது. சின்ன அறை, அதனால் நாற்காலி பத்தவில்லை. காலையில் நடந்த வேடிக்கையைப் பார்த்தவர்கள், ‘அந்த அம்மா பேசறாங்களாம்’ என்று வந்திருந்தார்கள். மகளும் அப்பாவும் பக்கத்து அறையிலிருந்து நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள்.

முதல் வரிசையில் பூதக்கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம். நான் மற்றவையிலிருந்து வருகிறேன்" என்று ஆரம்பித்தாள் பேராசிரியை.

அதற்கப்புறம் அவள் யாரையும் சிரிக்க வைக்க முயற்சி செய்யவில்லை. பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதினாள். சொற்களை இடம் மாற்றி மாற்றி எழுதினாள். ஒவ்வொரு தடவையும் அம்புகள் போட்டாள். விரலெல்லாம் மை.

பூதக்கண்ணாடிக்காரர் பாதியிலேயே குறுக்கிட்டார். "இதுக்கு எங்ககிட்ட பதில் இருக்கு."

"இருக்கட்டுமே. எழுதிக் காட்டுங்க."

அவர் எழுந்து போய் மரம் வரைந்தார். அவள் ஒரு கிளையைக் காட்டி, "இது எதுக்கு?" என்றாள். அவர் விளக்கினார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் விடவில்லை. அடுத்துப் பேச வேண்டியவர் வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டும்வரை இரண்டு பேரும் ஒரே பலகையில் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் கட்சி மாறவில்லை.

பின்வரிசையில் நின்றபடி மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் தன் பக்கம் என்று அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாக்கியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சந்தோஷமா இருக்கா பாரு" என்று காதில் கிசுகிசுத்தார் அப்பா. "நான் பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான். என்னைப் பாக்காம, நான் பேசின வாக்கியத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா."

*

சாயங்காலம் காரில் மூவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். டாக்டர் ஓட்டினார். மகள் பின்னால்.

"திங்கக்கிழமை படத்தைக் குடுத்துடு" என்றாள் பேராசிரியை திடீரென்று.

"என்னம்மா சொல்ற?"

"கேட்டா குடுக்கணும். அது உன்னோட வேலை, மறைச்சு வைக்கறதுக்கா பண்ணின? ஆனா முழுப் படத்தைக் குடு. நீ ஒதுக்கின பட்டையையும் போட்டுக் குடு."

மகள் யோசித்தாள். "அதைப் போட்டா மரக்கட்சிப் பட்டையும் பாதியாச் சுருங்கிடும். எந்தப் பேரும் வேண்டாம்னு எழுதறவங்கதான் பெரிய கூட்டம்னு வந்துடும். அப்போ ஒரு பாடத்தை மட்டும் ஏன் தூக்கறீங்கன்னு யாராவது கேப்பாங்க."

"கேக்கட்டும். கேட்டும் தூக்கினாங்கன்னா தூக்கட்டும். அரைகுறைப் படத்தைக் காட்டித் தூக்கக் கூடாது."

"அவருக்குப் பிடிக்காதும்மா."

"பிடிக்காதுதான்."

மகளுக்கு வர வேண்டிய விரிவுரையாளர் வேலையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. டாக்டர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். சிக்னலில் நின்றபோது மகளின் கைப்பேசி சத்தம் போட்டது.

எடுத்துப் பார்த்தாள். இன்று காலை வரை இருந்த மகளாக இருந்தால், படித்துவிட்டுத் திருப்பிப் பைக்குள் போட்டிருப்பாள். இப்போது உரக்கவே படித்தாள்.

"துறைத்தலைவர். ‘மேடையில் காட்டிய படம் மட்டும் போதும், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். இன்றே அனுப்பிவிடு. உன் நியமனக் கோப்பையும் இப்போதுதான் மேசையில் எடுத்து வைத்தேன்.’"

கைப்பேசியை முன்னிருக்கைப் பக்கம் நீட்டினாள்.

"நீயே சொல்லும்மா" என்றாள் மகள். "என்ன அனுப்பட்டும்?"

பேராசிரியை திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கு என்ன வேணும்னு சொல்லிட்டேன். உனக்கு என்ன வேணும்னு நான் சொல்ல முடியாது. அவர் உன்னைத்தான் கேட்டிருக்காரு."

சொல்லிவிட்டு, இருக்கைகளுக்கு நடுவில் ஒரு கையைப் பின்னால் நீட்டினாள். விரலில் இன்னும் மை போகாமல் இருந்தது. மகள் அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் கட்டைவிரலால் பதில் அடிக்க ஆரம்பித்தாள்.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியில் மெல்ல எட்டிப் பார்த்தார்.

"பச்சை விழுந்தாச்சு, ரோட்டைப் பாருங்க" என்றாள் மனைவி.

கார் நகர்ந்தது. பின்னால், ‘அனுப்பப்பட்டது’ என்று கைப்பேசி சின்னதாக ஒரு சத்தம் போட்டது.